ராம் விலையும் சூப்பர் கார்டு வதந்தியும்: மேலூர் எடிட்டர் தம்பிக்கு

மேலூரில் கல்யாண வீடியோ எடிட்டிங் செய்யும் தம்பி ஒருவர் நீளமாகக் கேட்டிருக்கிறார். மற்றவர்களுக்கும் புரிய, அதைச் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். கையில் இருப்பது ஐ7-7700 ப்ராசஸர், 16 ஜிபி டிடிஆர்4 ராம், ஜிடிஎக்ஸ் 1060 கிராஃபிக்ஸ் கார்டு, விண்டோஸ் 10. புதிதாக வாங்கிய சோனி கேமராவின் 4கே ஃபைலைப் போட்டால் டைம்லைன் (வீடியோவை வெட்டி ஒட்டும் திரைப் பட்டை) நகர மறுக்கிறது. 2025 ஆகஸ்டில் மதுரைக் கடை ஒன்றில் வாங்கிய கொட்டேஷனில், அடுத்த தலைமுறை ராமான டிடிஆர்5-இல் 32 ஜிபி கிட் பத்தாயிரத்துக்குள் இருந்தது. இப்போது அதே கடையில் முப்பதாயிரத்துக்கு மேல் சொல்கிறார்கள். கூடவே "இன்னைக்கே எடுத்துக்கங்கண்ணே, நாளைக்கு இந்த ரேட் இருக்காது" என்று அவசரப்படுத்துகிறார்கள். யூடியூபில் ஒருவர் என்விடியா கம்பெனியின் "சூப்பர்" என்ற புது கிராஃபிக்ஸ் கார்டு வரப்போகிறது, பொறுங்கள் என்கிறார். இன்னொருவர் ராம் தட்டுப்பாடே கம்பெனிகளின் நாடகம் என்கிறார். நண்பர் சென்னை ரிச்சி தெரு கம்ப்யூட்டர் சந்தைக்குக் கூப்பிடுகிறார். ஆன்லைனில் "ஐ7 கேமிங் பிசி" இருபதாயிரத்துக்குள் கிடைக்கிறது. எதை நம்புவது, எப்போது வாங்குவது?

முதலில் முடிவைச் சொல்லிவிடுகிறேன். தம்பி, நீங்கள் டிடிஆர்5 பக்கமே போக வேண்டாம். இருக்கிற டிடிஆர்4 ராமை அப்படியே வைத்துக்கொண்டு மதர்போர்டையும் ப்ராசஸரையும் மட்டும் மாற்றுங்கள். சூப்பர் கார்டுக்குக் காத்திருக்க வேண்டாம். அந்த ஆன்லைன் ஐ7 பெட்டியைத் தொடவே தொடாதீர்கள். காரணங்களை இனி விரிவாகச் சொல்கிறேன்.

ராம் நாடகம் என்ற பேச்சிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் கடைக்கு வருகிற பத்துப் பேரில் ஏழு பேர் இதைத்தான் கேட்கிறார்கள். சந்தேகப்படுவதில் தப்பே இல்லை, இந்தத் தொழிலின் வரலாறு அப்படி. 1993 ஜூலையில் ஜப்பானின் நீஹாமாவில் சுமிட்டோமோ கெமிக்கல் ஆலையில் வெடிவிபத்து நடந்தது. சிப்பைப் பொதிய உதவும் எபாக்ஸி பிசினில் பெரும்பங்கு அங்கேதான் தயாரானது. செய்தி வந்த சில வாரங்களிலேயே ராம் விலை தாறுமாறாக ஏறியது. பிசின் இருப்பு கையில் இருந்தது, மற்ற ஆலைகள் ஈடுகட்டின, ஆனாலும் பயத்திலேயே விலை ஏறிவிட்டது. அடுத்து, 1999 முதல் 2002 வரை ராம் உற்பத்தியாளர்கள் தங்களுக்குள் பேசி வைத்து விலையைப் பிடித்து வைத்தார்கள். அமெரிக்க நீதித்துறை வழக்குப் போட்டு, 2005இல் ஹைனிக்ஸ் 18.5 கோடி டாலரும் சாம்சங் 30 கோடி டாலரும் அபராதம் கட்ட ஒப்புக்கொண்டன. ஆக, "இவனுங்க சேர்ந்து விளையாடுறானுங்க" என்று ஒருவர் சொன்னால் நான் சிரிக்க மாட்டேன். ஒரு தடவை நிஜமாகவே விளையாடியிருக்கிறார்கள்.

ஆனால் இந்தத் தடவை நடப்பது அதுவல்ல. எந்தச் செய்தியையும், எந்த வதந்தியையும் நான் ஒரே கேள்வியை வைத்துத்தான் எடைபோடுவேன். இதற்காக யாராவது காசைப் போட்டிருக்கிறார்களா, அல்லது வர வேண்டிய காசை விட்டிருக்கிறார்களா? வெறும் வாய்ப்பேச்சுக்குச் செலவில்லை. ஆலையை மாற்றுவதற்கும் ஒரு வியாபாரத்தை மூடுவதற்கும் செலவு உண்டு.

2025 அக்டோபரில் ஓபன்ஏஐ நிறுவனம் சாம்சங்குடனும் எஸ்கே ஹைனிக்ஸுடனும் ஓர் ஏற்பாட்டை அறிவித்தது. மாதத்துக்கு 9 லட்சம் வேஃபர் (சிப்புகள் உருவாகும் சிலிக்கான் வட்டு) வரை என்பது இலக்கு. அது விருப்பக் கடிதம்தான், காசு கைமாறிய ஆர்டர் இல்லை. எனவே என் கேள்விக்கு அது முழுப் பதில் ஆகாது. ஆனால் 2025 டிசம்பரில் மைக்ரான் நிறுவனம் தன் க்ரூஷியல் பிராண்டையே நுகர்வோர் சந்தையிலிருந்து எடுத்துக்கொள்வதாக அறிவித்தது. 29 வருடப் பிராண்ட். நம் ஊரில் லேப்டாப்புக்கு ராம் போட வருகிறவர்கள் பெயர் சொல்லிக் கேட்கும் பிராண்ட். 2026 பிப்ரவரி இறுதிவரைதான் கடைகளுக்குச் சரக்கு, அதற்குப் பிறகு ஏஐ டேட்டா சென்டர் வாடிக்கையாளர்களுக்கு முன்னுரிமை என்று வெளிப்படையாகவே சொன்னார்கள். (ஏற்கெனவே க்ரூஷியல் வாங்கியவர்களுக்கு வாரண்டி தொடரும் என்றும் சொல்லியிருக்கிறார்கள், பயப்பட வேண்டாம்.) நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் ஒரு பிராண்டை நாடகத்துக்காக யாரும் மூட மாட்டார்கள்.

உள்ளே நடப்பது இதுதான். ஏஐ சிப்புகளில் ஒட்டி வருவது எச்பிஎம் என்ற அடுக்கு மெமரி. அதுவும் டிடிஆர்5 ராமும் ஒரே வகை ஆலையில், ஒரே சிலிக்கான் வேஃபரில் பிறப்பவை. ஒரு ஜிபி எச்பிஎம் செய்ய, ஒரு ஜிபி டிடிஆர்5-க்கு ஆவதைப் போல ஏறக்குறைய மூன்று மடங்கு வேஃபர் போய்விடும் என்று மைக்ரானே கணக்குச் சொல்லியிருக்கிறது. சோழவந்தான் பக்கம் நெல் போட்டிருந்த வயலில் வெற்றிலைக் கொடிக்கால் போட்டால் ஊரில் நிலம் குறையாது, அரிசிதான் குறையும். அதே கதை. உலக ராம் உற்பத்தியில் 90 சதவீதத்துக்கும் மேல் சாம்சங், எஸ்கே ஹைனிக்ஸ், மைக்ரான் என்ற மூன்று பேர் கையில்தான் இருக்கிறது. மூவருமே லாபம் உள்ள பயிருக்கு மாறிவிட்டார்கள். டிடிஆர்4 உற்பத்தியையும் 2025 முதலே குறைக்கத் தொடங்கிவிட்டதால் பழைய ராமும் மலிவாக இல்லை.

"குஜராத்தில் மைக்ரான் ஃபேக்டரி வருதே, அப்புறம் இங்கே விலை இறங்காதா?" என்றும் கேட்கிறார்கள். 2023இல் அறிவித்த சானந்த் ஆலை, வெளிநாட்டில் செய்த வேஃபரைக் கொண்டுவந்து வெட்டி, பொதிந்து, சோதித்து அனுப்பும் ஆலை. சிலிக்கானில் மெமரி உருவாகும் வேலை அங்கே நடப்பதில்லை. அந்த வேலைக்கு மைக்ரான் கட்டிக்கொண்டிருக்கும் ஐடஹோ ஆலையில் முதல் வேஃபர் 2027 நடுவில்தான் வரும் என்று அவர்களே சொல்கிறார்கள். ஆகவே வருகிற ஆடித் தள்ளுபடியிலோ தீபாவளி ஆஃபரிலோ ராம் பழைய விலைக்கு இறங்கும் என்று எதிர்பார்த்து உட்காராதீர்கள். நடுவில் கொஞ்சம் இறங்கலாம், ஏறலாம். 2011இல் தாய்லாந்து வெள்ளத்தில் ஹார்ட் டிஸ்க் ஆலைகள் மூழ்கிய பிறகு ஏறிய விலை பழைய நிலைக்கு வர வருடக்கணக்கில் ஆனது. அங்கே தண்ணீர் வடிந்தால் போதும். இங்கே ஆலையே புதிதாக எழும்ப வேண்டும்.

கடைக்காரர் "நாளைக்கு இந்த ரேட் இருக்காது" என்றது பாதி உண்மை. டிஸ்ட்ரிபியூட்டர் ரேட் இப்போது அடிக்கடி மாறுகிறது. பழைய ரேட்டுக்கு விற்றால், அந்த இடத்தில் அடுத்த கிட்டை வாங்கி வைக்க அவர் கைக்காசு போட வேண்டும். அதனால் ஆகஸ்டில் வாங்கி வைத்த சரக்கையும் இன்றைய விலைக்குத்தான் கொடுப்பார். கோபம் வருவது நியாயம்தான், ஆனால் நகைக்கடையிலும் அப்படித்தானே. மீதிப் பாதி உங்களை யோசிக்க விடாமல் செய்யும் வியாபாரப் பேச்சு. ஒரு நாளில் ஐந்நூறு ஆயிரம் ஏறினால் ஏறட்டும், அவசரத்தில் வேண்டாத பொருளை வாங்கினால் போவது அதைவிடப் பெரிய தொகை.

அடுத்து சூப்பர் கார்டு, அதாவது என்விடியாவின் 5070, 5070 டிஐ, 5080 கார்டுகள் கூடுதல் மெமரியோடு புதிதாக வரப்போகின்றன என்ற வதந்தி. இந்த வதந்தி காற்றில் பிறந்தது இல்லை, அதனால்தான் இத்தனை பேர் நம்பினார்கள். ஆர்டிஎக்ஸ் 5070-இல் மெமரிப் பாதை 192 பிட். ஒரு மெமரிச் சிப்புக்கு 32 பிட் வீதம் ஆறு சிப், ஒவ்வொன்றும் 2 ஜிபி, மொத்தம் 12 ஜிபி. கார்டுகளில் வரும் ஜிடிடிஆர்7 மெமரியில் 3 ஜிபி சிப் வந்துவிட்டது. 5090 லேப்டாப் கார்டில் 24 ஜிபி வருவதே அதனால்தான். அதே ஆறு இடத்தில் 3 ஜிபி சிப்பை வைத்தால் 18 ஜிபி. 5070 டிஐ, 5080 இரண்டிலும் எட்டு சிப், எனவே 24 ஜிபி. வதந்தி சொன்ன எண்களும் இவைதான். கணக்கு கச்சிதமாக இருந்ததால், வதந்தி சொன்ன வெளியீட்டுத் தேதியும் உண்மையாக இருக்கும் என்று எல்லாரும் எடுத்துக்கொண்டார்கள். ஆனால் 2026 ஜனவரியில் லாஸ் வேகாஸில் நடந்த சிஇஎஸ் கண்காட்சியில் என்விடியா புதிதாக ஒரு டெஸ்க்டாப் கார்டும் அறிமுகப்படுத்தவில்லை. அதே 3 ஜிபி சிப்பைப் பல மடங்கு விலையுள்ள தொழில்முறைக் கார்டில் வைத்து விற்க முடியும்போது, மெமரி கிடைக்காத வருடத்தில் அதை எடுத்து கேமிங் கார்டில் வைக்க எந்த முதலாளிக்கு மனசு வரும்? இது என் கணிப்புதான். ஆனால் காசு எந்தப் பக்கம் போகிறதோ அந்தப் பக்கம் பார்ப்பதுதான் என் பழக்கம்.

வதந்தி கிளம்பும் இடங்களைத் தெரிந்துகொண்டால் அவற்றைத் தரம் பிரிக்கலாம். ரஷ்யாவும் அண்டை நாடுகளும் சேர்ந்த யூரேசிய பொருளாதார ஆணையத்தில் கம்பெனிகள் மாடல் பெயர்களைப் பதிந்து வைப்பார்கள். தேவைப்பட்டால் இருக்கட்டும் என்று வராத மாடல்களையும் சேர்த்தே பதிவார்கள், அதனால் அந்தச் செய்திக்கு மதிப்புக் குறைவு. சுங்கச் சரக்குப் பட்டியலில் சோதனைப் பலகை தென்பட்டால் கொஞ்சம் மதிப்பு கூட. ஏதோ ஒன்றைச் செய்து காசு கொடுத்து அனுப்பியிருக்கிறார்கள் அல்லவா. லினக்ஸ் டிரைவரில் புது சிப்புக்கான வரிகள் சேர்ந்தால் இன்னும் கூட, ஏனென்றால் அதற்குப் பொறியாளரின் நேரம் போயிருக்கிறது. "நம்பத் தகுந்த வட்டாரம் சொல்கிறது" என்று மட்டும் வருகிற வீடியோவில் காசு போட்டது விளம்பரதாரர் மட்டும்தான்.

இதெல்லாம் ஒருபுறம் இருக்கட்டும். உங்கள் பட்ஜெட்டுக்கு அந்தச் சூப்பர் வரிசை நாளைக்கே வந்தாலும் ஒட்டாது. வதந்தியில் இருந்தவை 5070-உம் அதற்கு மேலேயும். நீங்கள் பார்ப்பது 5060 வரிசை. வாங்கப் போகாத பொருளுக்காக ஒரு முகூர்த்த சீசனைக் காத்திருந்தே கழிப்பது என்ன கணக்கு?

விலையைப் பற்றியும் ஒரு வார்த்தை. "அமெரிக்காவில் 549 டாலர், இங்கே 59,000 ரூபாயா, பகல் கொள்ளை" என்று 5070 வந்தபோது பலர் கொதித்தார்கள். அமெரிக்க விலை வரி சேராதது. அன்றைக்கு டாலர் சுமார் 86 ரூபாய். 549-ஐ அதில் பெருக்கி 18 சதவீத ஜிஎஸ்டி சேர்த்தால் 55,700 வருகிறது. மீதி மூவாயிரத்துச் சொச்சத்துக்குக் கோபப்படலாம், கொள்ளை என்று சொல்ல முடியாது. டாலர் 2025 டிசம்பரில் 90 ரூபாயைத் தொட்டதும் நம் ஊர் விலையில் தெரிகிறது. கார்டு கம்பெனிகளின் உண்மையான அழும்பு வேறு இடத்தில் இருக்கிறது. ஒரே பெயரில் இரண்டு பொருளை விற்பார்கள். 2022இல் ஆர்டிஎக்ஸ் 4080 என்ற பெயரில் 16 ஜிபி, 12 ஜிபி என்று இரண்டை அறிவித்தார்கள். உள்ளே சிப்பே வேறு. கண்டனம் பலமாக வந்த பிறகு 12 ஜிபியை வாபஸ் வாங்கி, அடுத்த ஜனவரியில் 4070 டிஐ என்று பெயர் மாற்றி இறக்கினார்கள். ஆர்டிஎக்ஸ் 3050-இலும் 6 ஜிபி என்பது 8 ஜிபியின் தம்பி இல்லை, பலவீனமான வேறு கார்டு. 5060 டிஐ-இல் 8 ஜிபி, 16 ஜிபி இரண்டும் உண்டு. கடைக்காரர் "5060 டிஐ" என்று மட்டும் எழுதித் தந்தால் எத்தனை ஜிபி என்று பில்லிலேயே எழுதச் சொல்லுங்கள்.

சரி, உங்கள் மெஷினுக்கு வருவோம். டைம்லைன் இழுப்பதற்கு ராம் குறைவு என்று நீங்கள் நினைக்கிறீர்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. சோனி கேமரா 4:2:2 10 பிட் என்ற வகையில் எழுதுகிறது. நிறம் அதிகம், கிரேடிங்குக்கு நல்லது. ஆனால் எச்.265 என்ற முறையில் சுருக்கிய அந்த வகை ஃபைலை விரித்துக் காட்டும் தனிப் பகுதி உங்கள் ஐ7-7700-இலும் கிடையாது, ஜிடிஎக்ஸ் 1060-இலும் கிடையாது. ஆர்டிஎக்ஸ் 4090-இலேயே கிடையாது என்றால் பாருங்கள். எனவே முழுப் பாரமும் நான்கு கோர் ப்ராசஸர் மேல் விழுகிறது. 64 ஜிபி ராம் போட்டாலும் இந்த இழுவை போகாது. 12, 13, 14ஆம் தலைமுறை இன்டெல் ப்ராசஸர்களின் உள்ளேயே இருக்கும் கிராஃபிக்ஸ் இந்த வேலையைச் சுலபமாகச் செய்யும். ஏஎம்டி ரைசன் நல்ல ப்ராசஸர், எனக்கும் பிடிக்கும், ஆனால் இந்த ஒரு வேலைக்கு அதன் உள் கிராஃபிக்ஸ் உதவாது.

எழுத்தில் கவனம் வேண்டும். பெயரின் கடைசியில் எஃப் இருந்தால் உள் கிராஃபிக்ஸ் இல்லை. ஆயிரம் ரூபாய் மிச்சம் என்று கடையில் அதைத்தான் முதலில் நீட்டுவார்கள், வாங்கினால் வேலையே கெட்டுவிடும். ஐ5-12400, 13400 இரண்டிலும் இருப்பது யுஎச்டி 730 என்ற உள் கிராஃபிக்ஸ். ஐ5-12500, 13500 இரண்டிலும் யுஎச்டி 770, அதில் வீடியோவை விரிக்கும் பகுதி இரண்டு. பல கேமரா கோணத்தை ஒரே நேரத்தில் ஓட்டும் உங்களுக்கு 770 வேண்டும். 13500 கிடைத்தால் அதை எடுங்கள், கிடைக்காவிட்டால் 12500 போதும். 13, 14ஆம் தலைமுறையில் வோல்டேஜ் பிரச்சினையால் ப்ராசஸர்கள் கெட்டுப்போன செய்தியைப் படித்துப் பயந்திருப்பீர்கள். அது உண்மைதான். இன்டெல் 2024 ஆகஸ்டில் மைக்ரோகோட் (ப்ராசஸரின் உள் மென்பொருள்) திருத்தம் கொடுத்து, பாதிப்பு வரக்கூடிய மாடல்களுக்கு இரண்டு வருடம் கூடுதல் வாரண்டியும் கொடுத்தது. அந்தப் பட்டியல் 13600கே-இல் தொடங்கி மேலே போகிறது, நீங்கள் வாங்கப் போவது அதற்குக் கீழே. ஆனாலும் போர்டு வாங்கியதும் அதன் அடிப்படை மென்பொருளான பயாஸை அப்டேட் செய்துவிடச் சொல்லுங்கள்.

போர்டு பி660 அல்லது பி760. அதே பெயரில் டிடிஆர்4 போர்டும் உண்டு, டிடிஆர்5 போர்டும் உண்டு. பெட்டியில் டிடிஆர்4 அல்லது டி4 என்று அச்சிட்டிருக்க வேண்டும். நான்கு ராம் ஸ்லாட் உள்ளதாகப் பாருங்கள். உங்கள் பழைய 16 ஜிபி அதில் அப்படியே உட்காரும். வேகம் கொஞ்சம் குறைவுதான், எடிட்டிங்கில் அது பெரிதாகத் தெரியாது. பிறகு அதே மாதிரி இரண்டு எட்டு ஜிபி ஸ்டிக் கிடைக்கும்போது சேர்த்து 32 ஆக்கிக்கொள்ளலாம். பழைய ராமை வாங்கினாலும் பயமில்லை. கடையிலேயே போட்டு மெம்டெஸ்ட் என்ற ராம் சோதனையை ஒரு சுற்று ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள், மறுத்தால் அடுத்த கடை. ஆக முப்பதாயிரம் ரூபாய் ராம் செலவு இப்போதைக்குப் பூஜ்ஜியம்.

கேமராவில் எக்ஸ்ஏவிசி எச்எஸ் என்பது எச்.265, எக்ஸ்ஏவிசி எஸ் என்பது எச்.264. இன்டெல் உள் கிராஃபிக்ஸ் விரிப்பது முதலாவதை மட்டும். 4:2:2 10 பிட் எச்.264 என்றால் அதுவும் கை விரித்துவிடும். எனவே எச்எஸ்-இல் எடுங்கள். சில மாடல்களில் எச்எஸ் வைத்தால் 25 பிரேம் கிடைக்காது, 50 பிரேம்தான் இருக்கும், உங்கள் மெனுவில் பார்த்துக்கொள்ளுங்கள். எச்.264-ஐ விட முடியாது என்றால் ஆர்டிஎக்ஸ் 50 வரிசைக் கார்டு அதையும் விரிக்கும். அந்த வரிசையில் புதிதாக வந்த வசதி அது. அப்போது 5060 டிஐ 16 ஜிபி சரியான தேர்வு. 4கே-யில் நாய்ஸ் ரிடக்ஷன் போட்டால் 8 ஜிபி கார்டு மூச்சுத் திணறும். ஆனால் ப்ராசஸரை மாற்றிய பிறகு 1060-ஐ வைத்தே ஒரு மாதம் ஓட்டிப் பாருங்கள். 1060 சேர்ந்த பாஸ்கல் தலைமுறைக்கு வழக்கமான டிரைவர் அப்டேட் 2025 அக்டோபரோடு நின்றுவிட்டது, பாதுகாப்புத் திருத்தம் மட்டும் 2028 வரை வரும். அதனால் அது நாளைக்கே குப்பை ஆகிவிடாது.

இந்த மாசி, பங்குனி முகூர்த்தங்களுக்குள் காசு புரளாவிட்டால் பிராக்ஸி செய்துகொள்ளுங்கள். ராத்திரி ஃபைலை ஏற்றி, சின்ன அளவில் நகல் எடுக்கச் சொல்லிவிட்டுத் தூங்கினால் காலையில் பழைய மெஷினிலேயே வெட்டலாம். எக்ஸ்போர்ட் மட்டும் நேரம் இழுக்கும். பல பேர் இதைச் சோம்பலில் செய்யாமல் புது மெஷினுக்குக் கடன் வாங்குகிறார்கள். விண்டோஸ் 10-க்கு ஆதரவு 2025 அக்டோபர் 14-இல் முடிந்தது. கூடுதல் பாதுகாப்பு அப்டேட்டை 2026 அக்டோபர் வரை மைக்ரோசாஃப்ட் கணக்கு வழியே செலவில்லாமல் பெறலாம், அதையும் போட்டு வையுங்கள். உங்கள் 7700 விண்டோஸ் 11-இன் பட்டியலில் இல்லை. அதனால் எப்படியும் ஆடியில், கல்யாணம் இல்லாத மாதத்தில், மெஷினைப் பிரித்துத்தான் ஆக வேண்டும்.

இருபதாயிரத்துக்குள் வரும் ஆன்லைன் "ஐ7 கேமிங் பிசி" என்ன என்று சொல்கிறேன். அந்த ஐ7 பெரும்பாலும் 2600 அல்லது 3770. முதலாவது 2011, இரண்டாவது 2012. போர்டு எச்61, அதற்கு 16 ஜிபி டிடிஆர்3-க்கு மேல் ஏறாது. கார்டு 2014-இல் வந்த ஜிடி 730. ஃபேனில் மட்டும் திருவிழா சீரியல் விளக்கு. உங்கள் 7700-ஐ விட எல்லா வகையிலும் பின்தங்கியது. "ஐ7" என்பதற்குப் பின்னால் எண்ணைப் போடாமல் விற்பவரிடம் எதுவும் வாங்காதீர்கள். ராம் விலை ஏற ஏற இந்தப் பெட்டிகளின் விளம்பரம் அதிகமாகிறது, ஏனென்றால் பழைய டிடிஆர்3-க்கு வேறு போக்கிடம் இல்லை.

ரிச்சி தெரு: முழு சிஸ்டமாக வாங்கினால் சில ஆயிரம் மிச்சமாகலாம். போர்டும் ப்ராசஸரும் மட்டும் என்றால் பாண்டியன் எக்ஸ்பிரஸ் டிக்கெட், சாப்பாடு, ஒரு நாள் பொழுது எல்லாம் அதைத் தின்றுவிடும். பொருள் முதல் வாரத்திலேயே செத்தால் யார் கொண்டுபோவது என்பதுதான் பெரிய கேள்வி. மதுரைக் கடையில் ஐந்நூறு கூடக் கொடுத்தாலும் நேரில் போய்ச் சண்டை போடலாம். வாங்கும்போதே ஒன்றைக் கேளுங்கள்: இந்தப் பிராண்டுக்கு வாரண்டி என்றால் நான் எங்கே கொடுக்க வேண்டும், யார் அனுப்புவார்கள்? திட்டமாகப் பதில் சொல்லாத கடையில் வாங்காதீர்கள்.

பில் விஷயத்தில் நான் கறார். "பில் வேண்டாம்னா ஆயிரம் குறைச்சுத் தர்றேன்" என்பது வாரண்டியை ஆயிரம் ரூபாய்க்கு விற்கும் பேச்சு. ஜிஎஸ்டி பில்லில் ஒவ்வொரு பாகத்தின் சீரியல் நம்பரும் இருக்க வேண்டும். வெளிநாட்டிலிருந்து பையில் வந்த கார்டுக்கு இங்கே பல பிராண்டுகள் வாரண்டி தர மாட்டார்கள், சீரியலை வைத்தே கண்டுபிடித்துவிடுவார்கள். தகராறு வந்தால் 1915 என்ற தேசிய நுகர்வோர் எண்ணுக்கு முதலில் புகார் கொடுங்கள். அதில் முடியாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2019 சட்டப்படி நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம், விற்றவர் டெல்லியில் இருந்தாலும் சரி. ஐந்து லட்சம் வரையிலான பொருளுக்குக் கட்டணம் இல்லை, இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும், இ-ஜாக்ரிதி தளத்தில் வீட்டிலிருந்தே பதியலாம். இதற்கெல்லாம் கையில் பில் வேண்டும்.

கல்யாண ஃபைல் வைக்க ஹார்ட் டிஸ்க்கும் வாங்குவீர்கள். 2025 தொடக்கத்தில் வெளிநாடுகளில் ஒரு மோசடி பிடிபட்டது. கிரிப்டோ சுரங்கத்தில் ஆயிரக்கணக்கான மணி நேரம் ஓடிய சீகேட் டிஸ்க்குகளின் கணக்கை அழித்துப் புதிது என்று விற்றிருந்தார்கள். டிஸ்க்கின் ஸ்மார்ட் என்ற வழக்கமான அளவீட்டில் பூஜ்ஜியம் காட்டியது, ஃபார்ம் என்ற உள் பதிவேட்டில் மட்டும் உண்மை இருந்தது. ஸ்மார்ட்மான்டூல்ஸ் என்ற இலவச மென்பொருளில் அந்தப் பதிவேட்டைப் பார்க்க முடியும். புது டிஸ்க் வாங்கியதும் இரண்டு எண்ணையும் ஒப்பிட்டுவிட்டுத்தான் ஒருவர் வீட்டுத் தாலி கட்டும் காட்சியை அதில் ஏற்ற வேண்டும். கார்டு வாங்கினாலும் ஜிபியு-இசட் என்ற சோதனை மென்பொருளைத் திறந்து பாருங்கள். 2025 பிப்ரவரியில் 5090, 5080, 5070 டிஐ கார்டுகள் சிலவற்றில் ஆர்ஓபி என்ற உள் பகுதிகளின் எண்ணிக்கை குறைவாக வந்ததை என்விடியாவே ஒப்புக்கொண்டு மாற்றிக் கொடுத்தது. 5060 டிஐ-இல் 48 காட்ட வேண்டும்.

நீங்கள் எழுதாமல் விட்டது பவர் சப்ளை. 2017 மெஷினோடு வந்ததே இன்னும் ஓடுகிறது என்றால் அதன் மேல்தான் எனக்குச் சந்தேகம். மே மாத வெயிலில் மேலூரில் மாடி அறையில் அது என்ன பாடுபட்டிருக்கும் என்று தெரியாது. கேபினட்டின் பக்கவாட்டைக் கழற்றி, பவர் சப்ளை ஸ்டிக்கரில் 12 வோல்ட் வரிசையில் எத்தனை ஆம்பியர் போட்டிருக்கிறது, 8 பின் கார்டு வயர் இருக்கிறதா என்று பார்த்து எழுதுங்கள். ராம் ஸ்டிக்கின் ஸ்டிக்கரையும் ஒரு படம் எடுத்துப் போடுங்கள். அதைப் பார்த்துவிட்டு எந்த போர்டு, கார்டு இப்போதா பிறகா என்று சொல்கிறேன்.